உங்கள் அறிவியல் நாவலில் முடிவெடுப்பது யார்? கதையும் ஆட்களும் பலவீனப்படும் இடங்களைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது எப்படி

முதல் பிரதி முடிந்த கையோடு திருத்த உட்காராதீர்கள். மூன்று கிழமையாவது பூட்டி வையுங்கள். பிறகு எடுத்து, பேனையைத் தொடாமல், ஓர் எழுத்துப்பிழையைக்கூடத் திருத்தாமல் முதலிலிருந்து கடைசி வரை வாசியுங்கள். இரண்டாம் தடவை வாசிக்கும்போதுதான் வேலை ஆரம்பிக்கிறது.

நான் கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிறேன். சில வருடங்களாக நண்பர்களும் தெரிந்த பிள்ளைகளும் எழுதுகிற அறிவியல் நாவல்களின் கைப்பிரதிகளை வாசித்துக் கருத்துச் சொல்லி வருகிறேன், என்னுடைய நாவலை மூன்று தடவை முழுதாகத் திரும்ப எழுதியும் இருக்கிறேன். இதில் எனக்கு ஒரு விஷயம் உறுதியாக விளங்கியிருக்கிறது. கதையில் ஓட்டை என்று நாம் சொல்வது அநேகமாக ஆட்களில் இருக்கிற ஓட்டைதான். ஒரு மனிதர் முடிவெடுக்க வேண்டிய இடத்தில் ஓர் இயந்திரமோ தற்செயலோ வந்து முடிவெடுத்துவிடுகிறது, அந்த இடத்திலேயே கதையும் தொய்கிறது, அந்த ஆளும் பொம்மையாகிவிடுகிறார். ஆகவே இரண்டையும் தனித்தனியாகத் தேடாதீர்கள். ஒன்றைப் பிடித்தால் மற்றது கூடவே வரும்.

ஒரு கொப்பியும் இரண்டு பக்கங்களும்

120 பக்க சீ.ஆர். கொப்பி ஒன்று வாங்குங்கள். கணினியில் செய்யலாம்தான், ஆனால் கையால் எழுதும்போது நீங்கள் உங்களையே ஏமாற்றுவது கொஞ்சம் கஷ்டம். இடது பக்கத்தில் ஒவ்வொரு காட்சியையும் ஒரே வரியில் எழுதுங்கள். வலது பக்கத்தில் ஒரு கேள்விக்கு மட்டும் பதில்: இந்தக் காட்சியில் தீர்மானித்தது யார்? பெயர் மட்டும் போதும்.

தீர்மானம் என்றால் என்ன என்பதில் கண்டிப்பாக இருங்கள். ஓடினாள் என்பது தீர்மானம் இல்லை, பயந்தால் யாரும் ஓடுவார்கள். ஓடினால் இன்னொருவரை விட்டுப்போக வேண்டிவரும் என்று தெரிந்துகொண்டே ஓடினாள் என்றால் அது தீர்மானம். இரண்டு வழி இருக்க வேண்டும், எதை எடுத்தாலும் ஏதாவது இழக்க வேண்டும், அது அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கவும் வேண்டும்.

என்னுடைய நாவல் 2094 ஆம் ஆண்டுக் கொழும்பில் நடக்கிறது. மழைக்காலத்தில் வெள்ளத்தை எந்தப் பகுதிக்குத் திருப்புவது என்று கணக்குப் போடுகிற 'காவலன்' என்றொரு கணினித் தொகுதி, அதன் பம்ப் நிலையத்தில் இரவு வேலை செய்கிற சாந்தி என்றொரு பெண். சாந்தியின் கதையைத்தான் எழுதியிருக்கிறேன் என்று முழுமனதாக நம்பிக்கொண்டிருந்தேன். கொப்பியை நிரப்பி முடித்துவிட்டு எண்ணிப் பார்த்தால், 41 காட்சிகளில் வலது பக்கத்தில் சாந்தியின் பெயர் ஆறு இடத்தில்தான் இருந்தது. காவலன் பதினெட்டு. 'தற்செயல்' என்று ஒன்பது. மிச்சம் எட்டும் மற்ற ஆட்கள். அவள் ஓடுகிறாள், அழுகிறாள், திடுக்கிடுகிறாள், எதையும் தெரிவு செய்யவில்லை. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை, ஆனால் எங்கே கை வைக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

உங்கள் கொப்பியிலும் கருவியின் பெயரும் 'தற்செயல்' என்ற சொல்லும் வருகிற வரிகளைச் சிவப்பால் கோடிடுங்கள். தற்செயல் முற்றாகக் கூடாது என்றில்லை. தற்செயலாக ஆளுக்குச் சிக்கல் வரலாம், வாசகர் பொறுத்துக்கொள்வார். தற்செயலாகச் சிக்கல் தீர்ந்தால் பொறுக்க மாட்டார்.

கருவி பழுதாகக் கூடாது

நான் வாசித்த கைப்பிரதிகளில் அடிக்கடி வருவது இதுதான், ஆகவே இதில் கொஞ்சம் நேரம் எடுக்கிறேன். நாவலின் முக்கால்வாசியில் இயந்திரம் திடீரென்று பழுதாகும், அல்லது அதற்கு மூளை கெட்டு மனிதரை எதிர்க்கத் தொடங்கும். கதாநாயகி இறந்துபோன பேராசிரியரின் கடவுச்சொல்லைக் கண்டுபிடித்து அதை நிறுத்துவாள். எல்லாம் பழையபடி. என்னுடைய முதல் பிரதியிலும் காவலன் இப்படித்தான் பழுதானது.

இதில் என்ன பிழை? பழுது ஏன் இன்றைக்கு வந்தது என்று கேட்டால் எழுத்தாளருக்கு இன்றைக்குத் தேவைப்பட்டது என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. பழுதைத் திருத்தியதும் உலகம் சரியாகிவிடுவதால் அதற்குள் இருந்த எவருமே மாற வேண்டிய தேவையும் இல்லை.

2022 ஐ நினைத்துப் பாருங்கள். எரிபொருள் இல்லாமல் நாடே வரிசையில் நின்றது, பிறகு யூலையில் கியூஆர் அட்டை வந்தது. வாகன இலக்கத்தைப் பதிந்தால் ஒரு குறியீடு, கிழமைக்கு இவ்வளவுதான் என்று அளவு. தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், த்ரீவீலுக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர். அந்தத் தொகுதி வேலை செய்தது, வரிசைகள் குறைந்தன. சரி, அந்த 5 ஐயும் 20 ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கார்க்காரர் அலுவலகம் போய்வரலாம். த்ரீவீல்காரருக்கு அதுதான் சோறு. எனக்கு முன்னால் நின்ற ஒரு ஐயா கியூஆர் தாளை லாமினேட் செய்து, நூலில் கோர்த்து, கண்ணாடியில் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருந்தார். "இது ரெண்டு நாளைக்குக் காணும். மிச்ச அஞ்சு நாளும் பிள்ளையாரை வச்சுத்தான் ஓடோணும்" என்றார். எந்தக் கருவியும் பழுதாகவில்லை. கருவி சரியாக வேலை செய்த இடத்தில்தான் அவருடைய சிக்கல் இருந்தது.

மூன்றாம் பிரதியில் காவலனை நான் பழுதாக விடவில்லை. அது சரியாகவே கணக்குப் போடுகிறது: ஏழாம் வலயத்துக்குத் தண்ணீரைத் திருப்பினால் சாகிறவர்களின் எண்ணிக்கை மிகக் குறைவு. ஆனால் சட்டப்படி வெள்ளக் கதவு திறக்க ஒரு மனிதரின் கையெழுத்து வேண்டும், அன்றிரவு பணியில் இருப்பது சாந்தி, ஏழாம் வலயத்தில் இருப்பது அவளுடைய அம்மா. கடவுச்சொல் இல்லை, பேராசிரியர் இல்லை, ஒரு பேனையும் ஒரு படிவமும் மட்டும். அதன் பிறகு கொப்பியின் வலது பக்கத்தில் சாந்தியின் பெயரை நான் வலிந்து போட வேண்டியிருக்கவில்லை.

இதை உங்கள் நாவலில் செய்து பார்க்க, நீங்கள் கற்பனை செய்த ஒவ்வொரு கருவிக்கும் ஒரு தாள் எழுதுங்கள். அதால் என்ன செய்ய ஏலாது? ஒரு தடவை பாவித்தால் என்ன செலவாகும், அந்தச் செலவை யார் தலையில் போடுவார்கள்? சொந்தக்காரர் யார், இரவு இரண்டு மணிக்குப் பிழைத்தால் திருத்த வருகிறவர் யார்? அது வந்ததால் யாருக்கு வேலை போனது? சனம் அதைச் சுற்றிப்போக என்ன வழி வைத்திருக்கிறது? இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள், நம் ஊரில் எந்த விதி வந்தாலும் அடுத்த கிழமையே அதற்கொரு சந்து கண்டுபிடித்துவிடுவார்கள், அந்தச் சந்துக்குள்தான் உங்கள் துணைப் பாத்திரங்கள் உயிரோடு இருப்பார்கள்.

பிறகு தாளைச் சுவரில் ஒட்டிவிட்டு நாவல் முழுக்க அந்தக் கருவியைத் தேடுங்கள். என் பிரதியில் நாலாம் அத்தியாயத்தில் சாந்தி வெள்ளக் கதவொன்றைக் கைத்தொலைபேசியிலேயே திறக்கிறாள். முப்பத்தோராம் அத்தியாயத்தில் இடுப்பளவு தண்ணீரில் நடந்துபோய்க் கையால் திறக்கிறாள். நல்ல காட்சி, நானே விரும்பி எழுதியது. ஆனால் வாசகர் கேட்பாரே, போனுக்கு என்ன நடந்தது? போன் தண்ணீரில் விழுந்தது என்று முப்பதாம் அத்தியாயத்தில் ஒரு வரி சேர்ப்பது சுலபம், ஆனால் அது கள்ளத்தனம், வாசகருக்கு உடனே பிடிபட்டுவிடும். நான் நாலாம் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போனேன். அங்கே மழை கூடும்போது கோபுரத் தொடர்பு அறுந்துபோவதை, சாந்தி தம்பியோடு சண்டை பிடித்துக்கொண்டிருக்கும்போது அழைப்பு பாதியில் நின்றுபோவதாக வைத்தேன். அந்த இடத்தில் வாசகர் சண்டையைத்தான் கவனிப்பார். 27 அத்தியாயம் கழித்து அது வேலைக்கு வரும். விதையை அது தேவைப்படாத இடத்தில், வேறொரு காரியம் நடந்துகொண்டிருக்கும்போது போடுங்கள்.

உண்மைத் தகவல் கதையைக் கெடுக்காது

என் முதல் பிரதியில் 2070 இலேயே கடல் 8 மீட்டர் உயர்ந்து கொழும்பின் கரையோரக் காலி வீதியில் படகு ஓடியது. வாசித்த பொறியியலாளர் நண்பர் ஒருவர் ஒன்றும் சொல்லாமல், காலநிலை மாற்றம் பற்றிய ஐ.நா. அறிவியல் குழுவான ஐபிசிசி 2021 இல் வெளியிட்ட அறிக்கையின் ஒரு பக்கத்தை எனக்கு அனுப்பினார். 1995-2014 காலத்தோடு ஒப்பிட்டால் 2100 அளவில் உலகச் சராசரிக் கடல்மட்டம், பசுமைக்குடில் வாயு உமிழ்வு மிகக் குறைந்த பாதையில் 0.28 முதல் 0.55 மீட்டர் வரை, மிகக் கூடிய பாதையில் 0.63 முதல் 1.01 மீட்டர் வரை உயரக்கூடும். பனிப்படலங்கள் மோசமாக உடைந்தால் 2 மீட்டரை நெருங்கும் சாத்தியத்தையும் அது தள்ளிவிடவில்லை. அந்தக் காலத்துக்குள் எட்டு மீட்டர் என்று எங்கேயும் இல்லை.

எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது, என் கதை போய்விட்டது என்று. பிறகு யோசித்துப் பார்த்தேன். 2016 மே மாதம் கொழும்பை அடுத்த கொலன்னாவைப் பக்கம் வீடுகள் மூழ்கியது கடலாலா? மழையாலும் களனி கங்கையாலும். கொழும்பின் மழைத் தண்ணீர் கால்வாய்களில் ஓடி வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் கடலில் விழுகிறது. கடல் ஒரு மீட்டர்கூட உயர வேண்டாம், முக்கால் மீட்டர் உயர்ந்தாலே அந்தத் தண்ணீர் வெளியே போவது கஷ்டமாகிவிடும். அப்போது பம்ப் வேண்டும், கதவு வேண்டும், எந்தப் பக்கம் திருப்புவது என்று ஒருவர் தீர்மானிக்க வேண்டும். காவலனுக்கு உண்மையான வேலை கிடைத்தது அங்கேதான். படகு ஓடிய காலி வீதி பார்க்க வடிவாக இருந்ததே தவிர, அங்கே ஒருவரும் ஒன்றும் தீர்மானிக்கவில்லை. முக்கால் மீட்டர்தான் சாந்தியின் கையில் பேனையைக் கொடுத்தது. ஆகவே கணக்குப் பிழைத்தால் மறைக்கப் பார்க்காதீர்கள், சரியான எண்ணைப் போட்டுவிட்டு அது யாருடைய கழுத்தைப் பிடிக்கிறது என்று பாருங்கள்.

அப்படியென்றால் பொய்யே சொல்லக் கூடாதா? சொல்லலாம். 1956 முதல் 2008 இல் இறக்கும்வரை இந்த ஊரிலேயே வாழ்ந்த அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க், 1979 இல் வெளிவந்த த ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ் நாவலுக்காக இலங்கையையே 800 கிலோமீட்டர் தெற்கே தள்ளினார். விண்வெளிக்கு ஏறும் அவருடைய கோபுரம் பூமத்தியரேகையில் நிற்க வேண்டும், கொழும்போ ஏறக்குறைய 7 பாகை வடக்கே இருக்கிறது. தீவுக்குத் தப்ரபேன் என்று பெயர் வைத்தார், தான் தீவை நகர்த்தியதைப் பின்னுரையில் வெளிப்படையாகச் சொன்னார். அந்த ஒரு பொய்யின் மேல்தான் நாவல் முழுவதும் நிற்கிறது, அதற்குப் பிறகு வருவதெல்லாம் அந்தப் பொய்க்குக் கட்டுப்படுகிறது. கதை தொடங்குவதற்காகச் சொல்கிற பெரிய பொய்யை வாசகர் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்வார். முப்பதாம் அத்தியாயத்தில் எழுத்தாளர் தப்பிப்பதற்காகச் சொல்கிற சின்னப் பொய்தான் ஓட்டை.

சின்ன எண்களையும் ஒரு தடவை சரிபாருங்கள். செவ்வாயில் இருக்கும் மகன் வெள்ளவத்தையில் இருக்கும் தாயோடு தொலைபேசியில் மாறிமாறிக் கதைக்க முடியாது. கோள்கள் இருக்கிற இடத்தைப் பொறுத்து சமிக்ஞை ஒரு வழி போகவே 3 முதல் 22 நிமிடம் வரை எடுக்கும். "அம்மா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு முக்கால் மணித்தியாலம் காத்திருக்கிற மகனை எழுதிப் பாருங்கள், உடனுக்குடன் பதில் வருகிற காட்சியைவிட எவ்வளவு பாரமாக இருக்கிறது என்று தெரியும்.

ஆட்கள்

உரையாடல்களில் பெயர்களைத் தாளால் மறைத்துவிட்டு வாசியுங்கள். யார் கதைக்கிறார் என்று தெரியவில்லை என்றால் எல்லாருக்கும் நீங்கள்தான் குரல் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். கொழும்பில் இதற்குச் சாட்டே சொல்ல முடியாது. ஒரு 100 ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் யாழ்ப்பாணத் தமிழ், மலையகத் தமிழ், மட்டக்களப்புத் தமிழ், மருதானை முஸ்லிம்களின் தமிழ், நடுவில் சிங்களம் எல்லாம் காதில் விழும். ஆனால் எதிர்காலத்தைப் பற்றி எழுத உட்கார்ந்ததும் ஏனோ எல்லாரும் பாடப்புத்தகம் வாசிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். என் முதல் பிரதியில் இப்படி:

"சாந்தி, உனக்கே தெரியும், 2061 ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட இந்தத் தொகுதி நகரத்தின் பன்னிரண்டு வலயங்களுக்கும் நீரைப் பகிர்கிறது."
"ஆம் ஐயா, ஏழாம் வலயத்துக்குத் திருப்பினால் மற்றவை பாதுகாக்கப்படும் அல்லவா?"

'உனக்கே தெரியும்' என்று ஒருவர் ஆரம்பித்தால் அந்த வரியை அடித்துவிடலாம். இருவருக்கும் தெரிந்ததை ஏன் கதைக்கிறார்கள்? மூன்றாம் பிரதியில் அதே காட்சி இது:

பாறூக் நானா திரையைப் பார்க்கவில்லை. கதவுப் பிடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.
"எத்தினையாம் நம்பர் சொல்லுது?"
"ஏழு."
துணி நின்றது. "அம்மா இப்ப எங்க, தங்கச்சி?"
"வீட்டதான்."
"கோல் எடுத்துச் சொல்லுங்களே."
"அம்மாக்கு நான் எடுப்பன், நானா. அங்க இருக்கிற மற்ற ஆக்களுக்கு ஆர் எடுக்கிறது?"

தொகுதியைப் பற்றி ஒரு விளக்கமும் இல்லை, ஆனால் அது என்ன செய்கிறது என்பது வாசகருக்கு விளங்கிவிடுகிறது. சாந்தி எப்படிப்பட்டவள் என்பதும்தான்.

எல்லாவற்றையும் விளக்கிவிட்டு மூன்றாம் அத்தியாயத்தில் செத்துப்போகிற பேராசிரியர் உங்களிடமும் இருந்தால், அவரை எடுத்துவிட்டு அவருடைய அறிவைப் பிழையாகவும் அரைகுறையாகவும் மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுங்கள். அப்புறம், பெண் பாத்திரம் "என்ன?", "எப்படி?", "அப்படியென்றால்?" என்று எத்தனை தடவை கேட்கிறாள் என்று எண்ணுங்கள். நான் வாசித்த ஒரு கைப்பிரதியில் வானியலில் முனைவர் பட்டம் பெற்ற பெண், நாவல் முழுக்கத் தன்னுடைய துறையைப் பற்றியே மற்றவர்களிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். எழுதிய தம்பிக்கு அது கண்ணிலேயே படவில்லை. சொன்னதும் அவன் முகம் வாடியது, ஆனால் இரண்டு மாதத்தில் அந்தப் பெண்ணை எழுப்பி நிறுத்திவிட்டான், இப்போது நாவலில் ஆகச் சிறந்த பாத்திரம் அவள்தான்.

எதிராளியைப் பற்றி ஒன்று. என்னுடைய பழைய எதிராளி ஓர் அமைச்சர், ஏழைகளை மூழ்கடித்து ஹோட்டல் கட்ட நினைப்பவர். அவர் தனியாக இருக்கும் நேரத்தில் என்ன நினைப்பார் என்று எழுதப் பார்த்தேன், ஒரு பந்திக்கு மேல் போகவில்லை, உள்ளே ஒன்றுமே இல்லை. பிறகு சதுப்பு நிலங்களைப் பற்றித் தேடினேன். கொழும்புக்கு 2018 இல், ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச ராம்சார் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது, வெள்ளத்தைத் தாங்கிக்கொள்வதில் இந்தச் சதுப்புகளுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. சரி, 2094 இல் அவற்றுக்கு என்ன ஆனது? யாரோ நிரப்பியிருக்க வேண்டும், யாரோ கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். அப்படித்தான் ராஜரட்ணம் வந்தார், இளம் அதிகாரியாக இருந்த காலத்தில் கரையோரத்தில் வீடிழந்த குடும்பங்களுக்கு வீடு கட்டிக் கொடுப்பதற்காகச் சதுப்பை நிரப்ப ஒப்பமிட்டவர். அன்றைக்கு அது நல்ல காரியம். அந்தக் குடும்பங்கள்தான் இன்றைக்கு ஏழாம் வலயம். அவர் அதை ஒப்புக்கொள்ள முடியாமல் காவலனின் பின்னால் ஒளிகிறார். இப்போது அவரைப் பற்றி இருபது பக்கம் எழுத எனக்கு விஷயம் இருக்கிறது. உங்கள் எதிராளி ஒரு காலத்தில் சரியாகச் செய்த ஒரு காரியத்தைக் கண்டுபிடியுங்கள், அது இன்று பிழைத்துப் போயிருக்கட்டும்.

யாரிடம் வாசிக்கக் கொடுப்பது

மூன்று பேர் போதும். அறிவியல் கதைகளை நிறைய வாசிக்கிற ஒருவர், அந்தத் துறை தெரிந்த ஒருவர், அறிவியல் கதையே வாசிக்காத ஒருவர். மூன்றாமவரை விடாதீர்கள். எனக்கு அது என் பெரியம்மா, அவவுக்குக் கணினியில் ஆர்வம் இல்லை, ஆனால் "இந்தப் பிள்ளை ஏன் தாய்க்கு ஒரு வார்த்தை சொல்லேல்லை?" என்று அவ கேட்ட கேள்விதான் என் கடைசி அத்தியாயத்தை மாற்றியது.

நல்லாயிருக்கா என்று கேட்காதீர்கள். ஓம் என்றுதான் சொல்வார்கள், உங்கள் மேல் அன்பு இருக்கிறதே. எந்தப் பக்கத்தில் வைத்துவிட்டு எழும்பினீர்கள் என்று கேளுங்கள். தேத்தண்ணி ஊற்றப் போனேன், போன் வந்தது, நித்திரை வந்தது, என்ன காரணம் சொன்னாலும் பரவாயில்லை, பக்க எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மூவரில் இருவர் ஒரே இடத்தை அண்டி எழும்பியிருந்தால், அந்த இடத்திலிருந்து பத்துப் பக்கம் பின்னோக்கிப் போங்கள், கொப்பியைத் திறந்து அந்தக் காட்சிகளுக்கு நேரே வலது பக்கத்தில் யாருடைய பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அங்கிருந்து திரும்ப எழுதத் தொடங்குங்கள்.